சனிக்கிழமை இசை-அசைவு வகுப்பு: 14 பேர், ஒரு சின்னப் பெட்டி, சீமெந்துத் தரை. எங்கே தொடங்குவது?

களுவாஞ்சிகுடி_ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் இசையோடு உடலசைவு வகுப்பு தொடங்கப் போகிறோம். நடனம் படிப்பித்த பழக்கம் இருக்கிறது. விசேட தேவையுள்ளவர்களோடு வேலை செய்தது குறைவு. அதனால் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

வரப்போகிறவர்கள் 14 பேர். பிள்ளைகள் 9: மூளை முடக்குவாதம் 3 (ஒருவர் சக்கர நாற்காலி, மற்ற இருவர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்), டவுன் சிண்ட்ரோம் 2, ஓட்டிசம் 2, காது கேளாதவர்கள் 2. பெரியவர்கள் 5: பாரிசவாதம் வந்தவர்கள் 2, முள்ளந்தண்டுக் காயத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவர் 1, பார்வையற்றவர் 1, அறிவுசார் குறைபாடுள்ள 34 வயது ஆண் 1. இந்த 14 பேரில் இரண்டு பேர் வலிப்புக்கு மருந்து எடுக்கிறார்கள்.

மண்டபம் 20க்கு 30 அடி. சீமெந்துத் தரை, இரண்டு மின்விசிறி, கையளவு புளூடூத் பெட்டி ஒன்று. உதவிக்கு 4 தாய்மார், 2 தொண்டர்கள்.

எல்லாரையும் ஒன்றாக வைக்கலாமா? பாட்டின் வேகம் எவ்வளவு? காது கேளாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது? எதைச் செய்யவே கூடாது? "நல்ல குத்துப்பாட்டு நாலு போட்டு விடுங்க, அதுகள் தானா ஆடும்" என்கிறார்கள் நிலையத்தில். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இயன்மருத்துவம்_மட்டு

உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். குத்துப்பாட்டில் பிழை இல்லை. ஆனால் அது யாருக்காகவும் நிற்காது, அதுதான் சிக்கல். அதைப் பிறகு பேசுவோம். முதலில் நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

முதலாவது வகுப்புக்கு முன் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கத் தாள் ஒன்று எழுதுங்கள். நோய் என்ன, மருந்து என்ன, எந்த நேரம், சத்திரசிகிச்சை நடந்ததா, கடைசியாக வலிப்பு எப்போது, எந்த அசைவு வலிக்கும், தண்ணீர் குடிக்கும்போது புரைக்குமா, யாருக்குத் தொலைபேசி எடுப்பது. கிளினிக் கொப்பியைத் தாயிடம் வாங்கிப் பார்த்தால் பாதி அதிலேயே இருக்கும்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்புத் தளர்வாக இருக்கலாம். குட்டிக்கரணம், தலையை வேகமாகச் சுழற்றுவது, கழுத்தில் பாரம் விழும் எதுவும் வேண்டாம். நன்றாக நடந்த பிள்ளை திடீரெனத் தள்ளாடினால், கழுத்தைச் சரித்தே வைத்திருந்தால், புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமல் போனால் வகுப்பை விட்டு வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருப்பதால் அதையும் கேளுங்கள். உதடு நீலம் பாரித்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

மூளை முடக்குவாதத்தில் தசை இறுக்கம் உள்ள பிள்ளை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு முழு உடம்பும் விறைக்கும். பெட்டியின் ஒலியைப் பூச்சியத்தில் வைத்துப் பாட்டைத் தொடக்கி, 10 செக்கனில் மெல்லக் கூட்டுங்கள். நிறுத்தும்போதும் அப்படியே இறக்குங்கள். இந்தப் பிள்ளைகள் கதிரையில் இருக்கும்போது பாதம் இரண்டும் எதன்மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் தொங்கினால் கை வராது, ஏனென்றால் உடம்பைப் பிடித்து வைக்கவே கை போய்விடும். செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் காலடியில் வையுங்கள், போதும்.

பாரிசவாதம் வந்தவரின் பலவீனமான கையை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. தோள் மூட்டு இறங்கியிருக்கலாம். அன்பாகத் தூக்கிவிடுகிற தொண்டரால்தான் அது இன்னும் கெடும். அவரே தன் நல்ல கையால் கோர்த்து, தோள் மட்டம் வரை தூக்கட்டும். வகுப்புக்கு முன் இரத்த அழுத்தம் பாருங்கள். 180/110க்கு மேல் இருந்தால் அன்று இருந்து கேட்பது மட்டும்.

முள்ளந்தண்டுக் காயம் எந்த மட்டத்தில் என்று கட்டாயம் தெரிய வேண்டும். நெஞ்சுப் பகுதி 6ஆவது மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால், சலக்குழாய் (சிறுநீர் போக வைத்த குழாய்) மடிந்து அடைபட்டாலே இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறலாம். திடீர்த் தலையிடி, முகம் சிவந்து வியர்த்தல் கண்டால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயைப் பார்த்து நேராக்குங்கள், வைத்தியசாலைக்கும் அறிவியுங்கள். காயத்துக்குக் கீழே வியர்க்காததால் இவர்களுக்குச் சூடும் தாங்காது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் 8.30க்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்பது நல்லது. ஈரத் துவாய் ஒன்று கையோடு இருக்கட்டும்.

வலிப்பு: மின்னி மின்னி எரியும் அலங்கார விளக்கு வேண்டாம். அதைவிட மருந்து தவறுவது, நித்திரை இல்லாமை, களைப்பு ஆகியவைதான் அடிக்கடி காரணமாகின்றன. வந்துவிட்டால் பக்கவாட்டில் சரித்து, தலைக்குக் கீழே துணி வைத்து, நேரம் பாருங்கள். வாயில் கரண்டி வைப்பதும் கையில் சாவி, இரும்பு கொடுப்பதும் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, இரண்டும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

ஒன்றாக வைப்பதா என்றால், முதல் மூன்று மாதம் வேண்டாம். 6 உதவியாளர்கள் 14 பேருக்குப் போதாது. பிள்ளைகள் முதலில் 40 நிமிடம், பெரியவர்கள் பிறகு 40 நிமிடம்.

மத்தளக்காரன்

பிசியோ சேர் சொன்ன "நிற்காது" என்ற சொல்லைப் பிடிச்சுக்கொண்டு வாறன். முழு விசயமும் அதுக்குள்ளதான் கிடக்கு.

பெட்டியில போடுற பாட்டு நிமிசத்துக்கு 120, 130 அடி ஓடும். தசை இறுக்கமான பிள்ளைக்குக் கையைத் தூக்கவே அஞ்சாறு செக்கன் வேணும். பிள்ளை கையைத் தூக்கி முடிக்கப் பாட்டு 10 அடி தள்ளிப் போயிடும். பிறகு ஒரு தொண்டர் வந்து அந்தக் கையைப் பிடிச்சு ஆட்டுவார். அது பிள்ளையிட ஆட்டம் இல்ல, தொண்டரிட ஆட்டம்.

கூத்தில எப்படி? வட்டக்களரி நடுவில அண்ணாவியார், கூத்துப் பழக்குறவர், மத்தளத்தோட நிற்பார், கூத்தர் சுத்தி ஆடுவாங்க. கண் எப்பவும் ஆடுறவன்ட காலில. கால் பிந்தினா அடி இழுபடும். நீங்களும் அப்படியே வட்டமா இருத்தி, நடுவில ஒரு ஆள் மேளத்தோட இருங்க. எல்லாருக்கும் ஒரே தூரம், எல்லாருக்கும் கை தெரியும். மத்தளம் இல்லாட்டி ரபான் (ஒரு பக்கம் மட்டும் தோல் உள்ள மேளம்), அதுவும் இல்லாட்டி கவிழ்த்த பிளாஸ்ரிக் வாளி. வாளியைக் குச்சியால அடிச்சாச் சத்தம் கூர்மையா வரும்; உள்ளங்கையால அடிங்க. சல்லரியை (கைத்தாளத்தை) முதல் மாசம் வெளியில எடுக்கவே வேணாம். அந்தக் கிணுகிணு சத்தம் ஓட்டிசம் பிள்ளைக்கு ஊசி ஏத்துறமாதிரி.

அடிக்கிற முறை இதுதான். ஒரு ஆளைப் பாருங்க. அவர் கை தன்பாட்டில எந்த வேகத்தில அசையுதோ அதை 8 அடிக்கு அப்படியே மேளத்தில வாங்குங்க. அவருக்கு விளங்கும், "இது என்ட அடி" எண்டு. பிறகு கொஞ்சம் மெல்லக் குறைங்க, இல்லாட்டிக் கூட்டுங்க. வந்தா வரட்டும், வராட்டி திரும்ப அவர்ட வேகத்துக்குப் போங்க. சுவிற்சலாந்தில இருந்த டால்குரோஸ் எண்ட சங்கீத வாத்தியார் நூறு வருசத்துக்கு முன்னமே பிள்ளையிட சொந்த நடையில இருந்துதான் தாளம் படிப்பிக்கோணும் எண்டு சொல்லியிருக்கார். நம்ம அண்ணாவிமார் அதைச் சொல்லாமச் செய்தவங்க.

நிறுத்துறதுக்கு ஒரே தீர்மானம் வையுங்க. மூண்டு தரம் ஒரே மாதிரி அடிச்சு முடிக்கிறது. எல்லா வகுப்பிலயும் அதே தீர்மானம். மூண்டு கிழமையில யாரும் சொல்லாமலே கை நிற்கும்.

தசையை நீட்டி விடுற நேரத்துக்கு அடியே வேணாம். நம்ம பக்கத்துக் கவி இருக்குத்தானே, வயல்ல பாடுறது. வரி முடிவில இழுத்து இழுத்துப் போகும், தாளக்கட்டு இல்ல. வரி நீளுற அளவுக்குக் கை நீளட்டும், மூச்சு விடுற இடத்தில இறங்கட்டும். பாடுறவர் ஆளைப் பார்த்து இழுத்தாச் சரி.

கருவி: தேங்காய்ச் சிரட்டை இரண்டு, நார் போகத் தீட்டி, அரத்தாள் போட்டு, முதுகில இரண்டு ஓட்டை போட்டு, ஒரு அங்குல அகல இலாஸ்டிக்கை உள்ளால விட்டுக் கட்டுங்க. உள்ளங்கையில மாட்டினாப் பிடிக்கத் தேவையில்ல. ஒரு கை மட்டும் வேலை செய்றவருக்கு ஒண்டை மேசைப் பலகையில ஆணி அடிச்சு நிறுத்துங்க, மற்றதால அதைத் தட்டட்டும். பால்மாப் பேணிக் கிலுக்குக்குப் பாசிப்பயறு இரண்டு கரண்டி காணும், நிரப்பினாச் சத்தம் வராது. மூடியைப் பசை போட்டு ஒட்டுங்க. ஒட்டாட்டி ஒரு நாள் அந்தப் பயறு யார்ட வாயிலயாவது இருக்கும்.

விசேடகல்வி_ஆரையம்பதி

ரீச்சர், வகுப்பின் ஒழுங்கைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஐந்து படங்கள் போதும். A4 தாளில் பெரிதாக: கை காட்டும் படம் (வணக்கப் பாட்டு), கதிரை, தண்ணீர்க் கோப்பை, வட்டம், செருப்பு (வீடு). சுவரில் வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒரு பிள்ளை வந்து கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். ஓட்டிசம் பிள்ளைகள் அழுவதற்குப் பாட்டு மட்டும் காரணமில்லை. இது எப்போது முடியும் என்று தெரியாததுதான் பெரிய காரணம்.

வணக்கப் பாட்டு 5 நிமிடம். ஒவ்வொருவர் பெயரையும் பாடி, அவர் ஏதாவது பதில் தரும்வரை காத்திருங்கள். மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள், அதற்குள் இன்னொருவர் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கண் அசைவும் பதில்தான். பிறகு இருந்தபடி 12 நிமிடம், தண்ணீர் 3 நிமிடம், எழுந்து அல்லது உருண்டு 12 நிமிடம், களைப்பு ஆறும் பாட்டு 5 நிமிடம். மிச்சம் 3 நிமிடம் எப்படியும் செருப்புத் தேடுவதில் போகும்.

வட்டத்துக்குக் கை கோர்க்க வைக்காதீர்கள். தொடுகை பிடிக்காத பிள்ளை அங்கேயே கழன்றுவிடும். ஒரு பழைய சாறியை நுனியோடு நுனி முடிந்தால் ஏறக்குறைய 5 மீற்றர் வளையம் வரும். இருந்தபடி 7 பிள்ளைகள் தாராளமாகப் பிடிக்கலாம். சாறி இழுபடும்போது அடுத்தவரின் அசைவு கைக்கு வருகிறது. இறுக்கமான கையுள்ள பிள்ளைக்குச் சாறியில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுங்கள்.

சத்தம்: தொலைபேசியில் இலவச ஒலி அளவீட்டுச் செயலி ஒன்றைப் போட்டுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பாருங்கள். 70 டெசிபல் சுற்றி வைத்தால் பேச்சும் கேட்கும், பாட்டும் கேட்கும். உங்கள் மண்டபம் சீமெந்தும் தகரக் கூரையுமாக இருந்தால் எதிரொலிதான் எதிரி. சுவரில் பன்பாய் நான்கைந்து தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு மூலையில் பாய் விரித்து, மேளத்துக்கு முதுகு காட்டியபடி "அமைதி மூலை" ஒன்று வையுங்கள். பிள்ளை தானாகப் போய்த் தானாக வரலாம். தண்டனைக்கு அந்த மூலையைப் பாவித்தால் அன்றோடு அதன் பயன் போய்விடும்.

காது கேளாத பிள்ளைகளுக்குச் சீமெந்துத் தரை உதவாது, அதிர்வு காலுக்கு வராது. மரத்தட்டு வேண்டும். 8க்கு 4 அடி, 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்று. கீழே 2 அங்குல மரச்சட்டம், 4 அடி நீளத்தில் 7 துண்டு, 16 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே. திருகாணி போட்டு இறுக்குங்கள். வெறும் ஆணி அடித்தால் கொஞ்ச நாளில் கடகடவென்று ஆடும், அந்தச் சத்தம் மற்றவர்களைக் குழப்பும். இரண்டு பிள்ளைகளும் வெறுங்காலோடு அதில் நிற்க, மேளக்காரர் தட்டின் ஓரத்தில் மேளத்தைத் தட்டோடு முட்ட வைத்து அடிக்க வேண்டும். கையளவு புளூடூத் பெட்டியில் ஆழ்ந்த ஒலி இல்லை, அதைத் தட்டில் வைத்துப் பயனில்லை. 8 அங்குல ஒலிபெருக்கி உள்ள பெட்டி கிடைத்தால் முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். தட்டின் உயரம் இரண்டரை அங்குலம் வரும், விளிம்பு தெரிய மஞ்சள் ரேப் ஒட்டுங்கள். பார்வையற்றவர் வகுப்புக்குத் தட்டைச் சுவரோடு நிறுத்திவிடுங்கள்.

மேளக்காரர் யன்னலுக்கு முதுகு காட்டி இருக்கக் கூடாது. வெளிச்சம் பின்னால் இருந்தால் கையும் வாயும் கறுப்பாகத்தான் தெரியும்.

பலூனை நெஞ்சோடு பிடித்து அதிர்வை உணர வைப்பது நல்ல முறைதான். ஆனால் பலூன் வெடித்தால் மூளை முடக்குவாதப் பிள்ளை விறைக்கும். பிறவியில் முதுகெலும்பு மூடாத பிள்ளை யாராவது பின்னர் சேர்ந்தால் இறப்பர் ஒவ்வாமை ஆபத்தும் உண்டு. காற்றடித்த பிளாஸ்ரிக் பந்து கொடுங்கள், அதே வேலை செய்யும்.

களுவாஞ்சிகுடி_ரீச்சர்

இதையெல்லாம் எழுதி எடுத்தாயிற்று, மிக்க நன்றி. இரண்டு கேள்வி. பாரிசவாதம் வந்த இரண்டு பேரும் கைத்தடியோடு நடப்பார்கள், நடை சீர்ப்பட வேண்டும் என்றுதான் வருகிறார்கள். அவர்களுக்கும் மத்தளம் காத்திருக்க வேண்டுமா? மற்றது, கல்முனைப் பக்கமிருந்து இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளைக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். பாட்டு விசயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இயன்மருத்துவம்_மட்டு

முதல் கேள்விக்கு: இங்கே மட்டும் மத்தளக்கார அண்ணனோடு முரண்படுகிறேன். நடைப் பயிற்சியில் அடி காத்திருக்கக் கூடாது. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே அறிவதால்தான் கால் சரியான நேரத்துக்குத் தயாராகிறது. அடி இழுபட்டால் அந்த எதிர்பார்ப்பு உடைந்துவிடும். 1990களில் அமெரிக்காவின் கொலராடோவில் மைக்கேல் தௌட் குழுவினர் பாரிசவாதம், பார்க்கின்சன் நோயாளிகளிடம் ஆய்ந்து வளர்த்தெடுத்த முறை இது.

செய்யும் விதம்: எந்தச் சத்தமும் இல்லாமல் அவரை வழமைபோல் நடக்க விட்டு 30 செக்கனில் எத்தனை எட்டு (காலடி) வைக்கிறார் என்று எண்ணுங்கள். 36 எட்டு என்றால் நிமிடத்துக்கு 72. தொலைபேசியில் தாளச் செயலியை 72இல் வைத்து, நடக்காமல் முதலில் கதிரையில் இருந்தபடி பாதத்தைத் தட்ட விடுங்கள். ஒரு நிமிடம். பிறகு 3 நிமிட நடை, 2 நிமிட ஓய்வு, இப்படி மூன்று தரம். இரண்டு கிழமை 72இல் நிலைத்து நின்ற பிறகு 5 வீதம் கூட்டினால் 76. அதிலும் எட்டு ஒழுங்காக வந்தால் 79. எட்டின் நீளம் குறைந்தாலோ, பலவீனமான கால் இழுபட்டாலோ, வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பழைய எண்ணுக்கு இறங்குங்கள். ஒவ்வொரு நாளும் கடைசி ஒரு நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு, மனதுக்குள் அதே அடியைக் கேட்டபடி நடக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது அதுதான். இருவருக்கும் எண்ணிக்கை வேறாக இருந்தால் ஒரே அடியில் நடக்க விடாதீர்கள், முறை வைத்து நடக்கட்டும்.

உதவியாளர் பலவீனமான பக்கத்தில், அரை எட்டுப் பின்னால். பாட்டும் வேண்டுமென்றால் இரண்டு அல்லது நான்கு எண்ணிக்கைப் பாட்டு மட்டும். மூன்று எண்ணிக்கையில் அழுத்தமான அடி ஒருமுறை வலது காலிலும் அடுத்த முறை இடது காலிலும் மாறி மாறி விழும். நல்ல காலுள்ளவருக்கு அது விளையாட்டு, இவருக்குத் தடுமாற்றம். கும்மிப் பாட்டுகளில் பல அந்த ரகம், அவற்றை இருந்தபடி கை தட்டுவதற்கு வையுங்கள்.

புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். செயலியின் அடி மட்டும் என்றால் பாதகமில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் கை தட்டினால் பெட்டியின் அடியும் உங்கள் தட்டும் ஒட்டாது. கம்பி போட்டு இணையுங்கள்.

மத்தளக்காரன்

சேர் சொல்றது சரி, நடைக்கு நான் விட்டுக்குடுக்கிறன். ஆனா 72ஐச் செயலிதான் அடிக்கோணும் எண்டில்ல, செயலியை ஒரு காதில மாட்டிக்கொண்டு நானும் அடிப்பன். டிக் டிக் எண்ட சத்தத்துக்கு எத்தினை சனிக்கிழமைதான் மனுசன் நடப்பான்.

சம்மாந்துறை_ரபான்

அஸ்ஸலாமு அலைக்கும். ரீச்சர் ரெண்டாவதாக் கேட்டதுக்கு நான் சொல்றேன்.

முதல்ல அந்தக் குடும்பங்கள்ட்டயே கேளுங்க. எல்லா வீடும் ஒண்டில்ல. சில வீட்டுல பாட்டுக்கே தடையில்ல. சில வீட்டுல இசைக்கருவி வேணாம், ரபான் மட்டும் பரவால்ல எண்டுவாங்க. சில வீட்டுல வாய்ப்பாட்டு மட்டும்தான். ரபானும் குரலும் மட்டும் வச்சு ஒரு வகுப்பை முழுசா நடத்த முடியும், ஆகவே இதால ஒருவரும் விடுபடத் தேவையில்ல. சாமிப் பாட்டை வணக்கப் பாட்டா வைக்காம, பேர் சொல்ற பாட்டா வச்சா எல்லாருக்கும் பொது. பெரிய பொம்புளப் புள்ளைகளுக்குத் தொட்டு உதவுறது பொம்புளைகளா இருக்கட்டும். சனிக்கிழமை காலையில ஓதப் போற புள்ளைகளும் இருப்பாங்க, நேரத்தை அவங்கள்ட்டக் கேட்டு வைங்க. நோன்பு காலத்துல பெரியவங்களுக்கு எழும்பி ஆடுற பகுதியை வெட்டிட்டு இருந்த இடத்துல செய்ற பகுதியைக் கூட்டுங்க.

ரபானைப் பத்தி ஒண்டு: காது கேக்காத புள்ளைக்கு ரபானைக் கையில குடுத்து, தோலுக்குப் பின்பக்கம் உள்ளங்கையை வைக்கச் சொல்லி, நீங்க முன்பக்கம் அடிங்க. மரத்தட்டு வாறவரைக்கும் இதே காணும். மாரியில ஈரக்காத்துப் பட்டுத் தோல் தளர்ந்தா அதிர்வு செத்துப் போகும். அடுப்பு வெக்கையில தூர வச்சுக் காயப் போடுங்க, கிட்டக் கொண்டு போனா வெடிச்சிடும்.

எங்கட பக்கத்துப் பொல்லடியையும் உங்கட கோலாட்டத்தையும் இதுக்குள்ள கொண்டு வரலாம். கம்பு வேணாம், ஒரு அங்குல எஸ்லோன் (பிளாஸ்ரிக்) பைப்ல 12 அங்குலத் துண்டு வெட்டி, ரெண்டு முனைக்கும் மூடி போட்டு, பிடிக்கிற பக்கம் சைக்கிள் கைப்பிடி றப்பரை ஏத்துங்க. நாலு எண்ணிக்கை: ஒண்டு ரெண்டு தன்ட கம்பு ரெண்டையும் தட்டுறது, மூணு பக்கத்தாள்ட கம்பு, நாலு சும்மா. நாலாவதைச் சும்மா விடாம இருந்தா யாரும் திரும்ப ஆயத்தமாக முடியாது. இறுக்கமான கையுள்ள புள்ளைக்குப் பக்கத்துல இருக்கிறவர் கம்பை வீசக் கூடாது. அசையாமப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும், புள்ளை வந்து தட்டட்டும்.

சக்கரம்_வாழைச்சேனை

சக்கர நாற்காலியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஆகவே:

வகுப்புக்கு முன் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். காற்றுக் குறைந்த ரயரில் பிரேக் பிடிக்காது, ஏனென்றால் அந்த நெம்பு ரயரைத்தான் அமத்துகிறது. இரண்டு கையையும் முன்னுக்கு வீசும் அசைவுக்குப் பிரேக் போட வேண்டும். திரும்பும் அசைவுக்கு எடுக்க வேண்டும். "இப்ப பூட்டு", "இப்ப திற" என்று பாட்டுக்குள்ளேயே சொல்லுங்கள்.

கேட்காமல் கைப்பிடியைத் தொட வேண்டாம். தாளத்துக்குப் பின்னால் சரித்து ஆட்டுவது, வேகமாகச் சுழற்றிப் படம் எடுப்பது இரண்டும் பார்க்கிறவர்களுக்காகச் செய்வது. தானே தள்ளக் கூடியவர் தானே தள்ளட்டும். ஒரு தள்ளலுக்கு இரண்டு அல்லது நான்கு அடி கொடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் குட்டிக் குட்டியாகத் தள்ளினால் தோள் மூட்டுத் தேயும். நீளமாகத் தள்ளிக் கையை எடுத்துவிட வேண்டும்.

ஒரு நாற்காலி முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் தேவை. பாதப்பலகை முன்னுக்கு நீட்டிக்கொண்டிருப்பதால் வட்டத்தில் முன்னால் இருப்பவரின் கால் எலும்புக்கு நேரே வரும், ஒரு மீற்றராவது விடுங்கள். சாறி முந்தானை, சால், அலங்கார ரிப்பன் எதுவும் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. மேலே சொன்ன சாறி வட்டத்திலும் கவனம்: சாறி தளர்ந்து மடியில் விழுந்தால் கம்பிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். நாற்காலிக்காரர் இருக்கும் பக்கத்தில் சாறிக்குப் பதில் ஒரு துண்டு எஸ்லோன் பைப்பை இடையில் கட்டலாம்.

முள்ளந்தண்டுக் காயமுள்ளவர் 20, 30 நிமிடத்துக்கு ஒருக்கால் முன்னுக்குக் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் இருக்கையில் பாரத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். அதைத் தனியாகச் சொல்லி எல்லாரும் பார்க்கச் செய்ய வைப்பதைவிட, நாற்று நடும் அசைவு, தோணி வலிக்கும் அசைவு என்று பாட்டுக்குள் போட்டுவிடுங்கள். எல்லாரும் குனிவார்கள், அவரும் குனிவார். ஒரு கவி முழுவதும் குனிந்தபடியே இருந்தால் நேரம் சரியாக வரும்.

இன்னொன்று. அந்த 34 வயதுக்காரருக்குச் சிறுவர் பாட்டுப் போடாதீர்கள். அறிவுசார் குறைபாடு என்றால் மூன்று வயது என்று அர்த்தமில்லை. அவர் வீட்டில் என்ன பாட்டுக் கேட்கிறார் என்று அவரையே கேளுங்கள். ஒருவேளை அவருக்குத்தான் அந்தக் குத்துப்பாட்டுத் தேவைப்படும்.

களுவாஞ்சிகுடி_ரீச்சர்

சிரித்துவிட்டேன், நாளைக்கே கேட்கிறேன். பார்வையற்றவரைப் பற்றி மட்டும் ஒன்று: அவர் அசைவை எப்படிக் கற்பார்? மேளம் அடிக்க ஆள் எங்கே பிடிப்பது? ஒவ்வொரு கிழமையும் மத்தளக்கார அண்ணன் வர முடியாதே.

விசேடகல்வி_ஆரையம்பதி

"இப்படி", "அப்படி", "அங்கே" மூன்று சொல்லையும் வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். "வலது முழங்கையை மடித்து, விரலை வலது தோளில் வையுங்கள்" என்று உடல் உறுப்பை வைத்துச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் நீங்கள் அவர் கையை அசைக்க வேண்டாம். அவர் கையை உங்கள் கைமேல் வைத்து நீங்கள் அசையுங்கள். கேட்டுவிட்டு. மேளம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதுதான் அவருக்குத் திசை. மேளக்காரர் நடந்து நடந்து அடித்தால் மண்டபமே சுழலும். அவர் நிற்கும் இடத்தில் பன்பாய்த் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் ரேப் போட்டு ஒட்டுங்கள், காலில் தெரியும். மின்விசிறிச் சத்தம் மேளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தால் அதுவும் ஒரு அடையாளம்.

ஆளுக்கு: கல்லடி சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மிருதங்கம், நடனம் படிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். அவரிடம் வகுப்புக்கு வராமல் வீட்டோடு இருப்பவர்களின் விபரமும் இருக்கும்.

மத்தளக்காரன்

தாய்மார் நாலு பேர் இருக்காங்க எண்டீங்களே. அதில ஒருவருக்கு ஒரே ஒரு அடியும் அந்தத் தீர்மானமும் பழக்க ரெண்டு மணித்தியாலம் காணும். வாளியில பழகட்டும். வாற சனிக்கிழமை 8 மணிக்கு நான் வாறன், அந்த ஒட்டுப்பலகையை மட்டும் அதுக்கு முன்னம் வெட்டி வைங்க. 4 அடித் துண்டு 7, மறந்திடாதீங்க, 6 வெட்டினா நடுவில தொங்கும்.